கடல் தாண்டிக் கடை போட: எந்த வடிவத்தில் பதிவு செய்வது? நெல்லை வணிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்து ஆட்களுக்கு வெளிநாடு ஒன்றும் தூரம் இல்லை. கடையநல்லூரிலும் தென்காசியிலும் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூர் போய்வரும் குடும்பங்கள் இருக்கின்றன. மேலப்பாளையத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் வளைகுடாவில் ஒரு ஆள் இருப்பார். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு பக்கத்து ஊர் மாதிரி. அதனால் இங்கே வெளிநாட்டுத் தொழில் பெரும்பாலும் ஒரு போன் அழைப்பில்தான் தொடங்குகிறது. “மாமா, நீங்க அனுப்புன கருப்பட்டி ரெண்டே நாள்ல தீந்து போச்சு. இங்கயே ஒரு கம்பெனி போட்டுருவோமா?”

பாளையங்கோட்டையில் சிறு வணிகர்களுக்குக் கணக்கும் பதிவு வேலையும் பார்த்து வருகிறேன். அந்தப் போன் வந்த மறுவாரம் என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த நாட்டுல போட்டா வரி கம்மி?” என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு. “அண்ணாச்சி, அங்க ஒரு கடன் விழுந்தா அது எங்க வந்து நிக்கணும்? அங்கயே நிக்கணுமா, உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணுமா?” இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரி அதற்கு அப்புறம்தான்.

நெல்லை டவுனில் குடோன் வைத்திருக்கும் ஒரு கருப்பட்டி வியாபாரியை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம். பத்தமடைப் பாய்க்கும் அல்வாவுக்கும் மென்பொருளுக்கும் கணக்கு பெரும்பாலும் இதேதான்.

முதல் படி: அங்கே பதிவு தேவைதானா?

பலருக்குத் தேவை இல்லை. இங்கிருந்தே ஏற்றுமதி செய்தால் போதும். அதற்கு ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும், விட்டால் குறியீடு முடங்கிவிடும். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் போட்டுவைக்க வேண்டும். வெல்லம், கருப்பட்டி வகைகளுக்கு வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபீடாவில் பதிவும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமமும் சேரும்.

அங்கே விற்க ஒரு ஆள் வேண்டும் என்றால் இரண்டு வழி. விநியோகஸ்தர் உங்களிடம் சரக்கை விலைக்கு வாங்கித் தன் பேரில் விற்பார். அவர் கடை நஷ்டம் அவரோடு. ஏஜென்ட் உங்கள் பேரில் விற்றுக் கமிஷன் எடுப்பார். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. உங்களுக்காகவே உட்கார்ந்து, உங்கள் சார்பில் வழக்கமாக ஒப்பந்தம் முடிக்கும் ஏஜென்ட் இருந்தால், அந்த நாட்டில் உங்களுக்கு ‘நிரந்தர நிலையம்’ இருப்பதாக வரித்துறை எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியே போடாமல் அந்த நாட்டு வரி உங்கள் மேல் விழும். சொந்தக்காரர்தானே என்று ஒப்பந்தம் எழுதாமல் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: சரக்கு எந்த நிமிஷம் யார் பேருக்கு மாறுகிறது, திரும்பி வந்தால் யார் செலவு, வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்.

சரி, எப்போது அங்கேயே பதிவு செய்ய வேண்டிவரும்? அங்குள்ள பெரிய கடைகள் உள்ளூர் பில் கேட்கும்போது, இறக்குமதி உரிமம் உள்ளூர் நிறுவனத்தின் பேரில்தான் கிடைக்கும் என்னும்போது, சரக்கை அங்கேயே இருப்பு வைக்கும்போது, சம்பளத்துக்கு ஆள் எடுக்கும்போது. சிங்கப்பூரில் உணவுப் பொருள் இறக்குமதி செய்பவர் அங்கே பதிவு பெற்ற நிறுவனமாக இருந்து உணவு முகமையிடம் உரிமமோ பதிவோ வாங்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றுகூட வரவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் விநியோகஸ்தரை வைத்தே ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டாம் படி: இங்கே நீங்கள் யார்?

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. எனக்கு அதிக வேலை வைப்பதும் இதுதான்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்தில் பணம் போடுவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 ஆகஸ்ட் 22 முதல் புதிய வெளிநாட்டு முதலீட்டு விதிகள் நடப்பில் இருக்கின்றன. அந்த விதிகளில் ‘இந்திய நிறுவனம்’ என்றால் கம்பெனி, எல்எல்பி (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு), முறையாகப் பதிவான கூட்டு வணிக நிறுவனம், தனிச் சட்டத்தால் அமைந்த அமைப்புகள், அவ்வளவுதான். நம் ஊர்க் கடைகளில் பாதி தனி உரிமையாளர் கடை. மீதியில் பல, அண்ணன் தம்பி சேர்ந்து பத்திரம் எழுதி வங்கிக் கணக்கு தொடங்கியதோடு நின்றுபோன கூட்டு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவே செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டு, தன் பேரில் வெளிநாட்டில் ஒரு பங்குகூட வாங்க முடியாது. முதலில் பதிவு செய்ய வேண்டும், அல்லது எல்எல்பியாகவோ பிரைவேட் லிமிடெடாகவோ மாற வேண்டும்.

தனி உரிமையாளர் என்றால் நீங்கள் ஒரு தனிநபர். கடைக்கென்று தனி உருவம் இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் தனிநபர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அதில் படிப்புச் செலவு, சுற்றுலா எல்லாம் அடங்கும் என்பதால் மகனுக்கு அனுப்பிய கல்லூரிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்கு அனுப்பினால், மேற்படும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இன்னொரு கட்டுப்பாடு: உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி நிஜமாகவே தொழில் நடத்துவதாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே இன்னொரு துணைக் கம்பெனி வைக்கக் கூடாது. நிதிச் சேவைத் தொழிலும் கூடாது.

நிறுவனமாகப் போனால் வேறு வரம்பு. கடைசியாகத் தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பில் உள்ள நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 400 சதவீதம் வரை ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் ஈடுபடுத்தலாம். கேட்பதற்குத் தாராளமாக இருக்கும். ஆனால் போன மாதம் 1 லட்சம் ரூபாய் முதல் போட்டு ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கி, அதன் வழியாகத் துபாயில் 40 லட்சம் போடலாம் என்று வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். 1 லட்சத்துக்கு 400 சதவீதம் 4 லட்சம். அவ்வளவுதான் போகும். நீங்கள் கொடுக்கும் உத்தரவாதமும் இந்த வரம்புக்குள்தான் எண்ணப்படும். ஆகவே வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இங்குள்ள நிறுவனத்தின் முதலை முன்கூட்டியே ஏற்றி, தணிக்கையும் முடித்து வையுங்கள். உள்ளூர் வங்கியில் கடன் வாராக்கடனாகி இருந்தால், பணம் அனுப்புமுன் அந்த வங்கியின் மறுப்பின்மைச் சான்று வேண்டும்.

மூன்றாம் படி: நான்கு வடிவங்கள்

பிரதிநிதி அலுவலகம் முதல் வடிவம். சந்தையைப் பார்க்கலாம், ஆட்களைச் சந்திக்கலாம், விற்கக் கூடாது. சிங்கப்பூரில் இதற்குத் தாய் நிறுவனம் தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், விற்பனை 2,50,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருக்க வேண்டும், ஊழியர் 5 பேருக்குள். அதிகபட்சம் 3 ஆண்டு வைத்திருக்கலாம். சிறு வணிகருக்கு இது பெரும்பாலும் வீண் செலவு. அந்த வேலையை விமான டிக்கெட் எடுத்து நேரில் போயே முடித்துவிடலாம்.

அடுத்தது கிளை, அதற்கடுத்து துணைக் கம்பெனி. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். கிளை என்பது உங்கள் நிறுவனத்தின் கை. அங்கே கையெழுத்து போட்டால் இங்கே கையெழுத்து போட்டது மாதிரி. கருப்பட்டியில் மண் கலந்திருந்தது என்று ஒரு வாடிக்கையாளர் வழக்கு போட்டு ஜெயித்தால், அந்தத் தொகைக்கு டவுன் குடோனும் அதில் இருக்கும் சரக்கும் பொறுப்பு. துணைக் கம்பெனி தனி உடம்பு. நீங்கள் அதில் பங்குதாரர். அது விழுந்தால் நீங்கள் போட்ட முதல் போகும். அதற்கு மேல் வராது.

இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க நான் வழக்கமாக வ.உ.சி.யிடம் போவேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட நினைத்தபோது அவர் முதலில் வாடகைக் கப்பலைத்தான் பிடித்தார். எதிர்ப்பக்கத்தின் நெருக்கடியில் கப்பல் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைக் கம்பெனியாகப் பதிவு செய்தார். முதல் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தப் பணத்தில் காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது, 1908-இல் அவரைச் சிறையில் போட்டார்கள், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் குடும்பம் பட்ட பாடு தனிக் கதை, அதைச் சாதாரணமாகச் சொல்லிக் கடக்க என்னால் முடியாது. ஆனால் 25 ரூபாய் கொடுத்து ஒரு பங்கு வாங்கிய சாமானியர் அந்தப் பங்கோடு 25 ரூபாயைத்தான் இழந்தார். கம்பெனியின் பாக்கிக்காக அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது. வரையறுத்த பொறுப்பு என்பது அதுதான்.

அந்தச் சுவரில் ஓட்டை போடுவது பெரும்பாலும் நாமேதான். கடை வாடகைக்கும் வங்கிக் கடனுக்கும் ‘சொந்த உத்தரவாதம்’ கேட்பார்கள், அதாவது கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்ற தாள். கையெழுத்து போட்டுவிட்டால், அந்தத் தொகை வரைக்கும் துணைக் கம்பெனி இருந்தும் இல்லாததுதான். முன்பணம் அதிகம் கொடுத்தாவது அந்தத் தாளைத் தவிர்க்கப் பாருங்கள்.

சேவைத் தொழிலில், வாடிக்கையாளர் தாய் நிறுவனத்தின் அனுபவத்தைக் கேட்கும் இடங்களில், கிளைக்கு நியாயம் உண்டு. ஒப்பந்த வேலைகளும் அப்படி. வாயில் போகும் பொருளை விற்கிறவர்களுக்குத் துணைக் கம்பெனியைத் தவிர வேறு எதையும் நான் சொல்வதில்லை.

நான்காவது, அங்குள்ள ஒருவரோடு சேர்ந்த கூட்டு முயற்சி. இதில் மறக்கக் கூடாத விதி ஒன்று: இந்தியாவிலிருந்து முதலீடு போகும் வெளிநாட்டு நிறுவனம் வரையறுத்த பொறுப்புள்ளதாக இருக்க வேண்டும். “நானும் மச்சானும் பார்ட்னர், லாபத்துல பாதிப் பாதி” என்ற சாதாரணக் கூட்டில் இங்கிருந்து முதல் போட விதி இடம் தருவதில்லை. கம்பெனியாகவோ எல்எல்பி போன்ற வடிவத்திலோ பதிவு செய்து, பங்குதாரர் ஒப்பந்தம் எழுதுங்கள். யார் எத்தனை பங்கு, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, பிரிந்தால் பங்கை எந்த விலைக்கு யார் வாங்குவது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் அது நியாயமாக எழுதப்படும்.

நான்காம் படி: நாட்டைப் பார்த்து வடிவத்தைச் சரிசெய்வது

சிங்கப்பூரில் பிரைவேட் லிமிடெட் தொடங்குவது சுலபம். ஒரு பங்குதாரர் போதும், செலுத்திய முதல் 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தாலும் போதும், பதிவுக் கட்டணம் 315 வெள்ளி. வெளிநாட்டவர் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது, உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் போக வேண்டும். சிங்கப்பூரிலேயே வசிக்கும் ஒரு இயக்குநராவது கட்டாயம். 6 மாதத்துக்குள் கம்பெனிச் செயலரை நியமிக்க வேண்டும். சொந்தக்காரரை இயக்குநராகப் போடுவதாக இருந்தால், அது வெறும் பேர் இல்லை, கணக்கு தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் அவர் மேலும் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போட்டு ஒரு குடும்பத்தில் பேச்சுவார்த்தையே நின்றுபோனதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அங்கே கம்பெனி வரி 17 சதவீதம். புதுக் கம்பெனிக்கு முதல் 3 ஆண்டு, லாபத்தில் முதல் 1,00,000 வெள்ளிக்கு 75 சதவீதமும் அடுத்த 1,00,000 வெள்ளிக்கு 50 சதவீதமும் வரிவிலக்கு. இதற்குக் கம்பெனி சிங்கப்பூர் வரிக்குடியாக, அதாவது முடிவுகள் அங்கேயே எடுக்கப்படும் கம்பெனியாக, இருக்க வேண்டும். பங்குதாரர்கள் 20 பேருக்கு மிகாமல், எல்லோரும் தனிநபர்களாகவோ, ஒரு தனிநபராவது 10 சதவீதம் வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். உங்கள் நெல்லைக் கம்பெனியே 100 சதவீதமும் வைத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது, எல்லோருக்கும் உள்ள குறைந்த விலக்குதான். லாபம் 1,00,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் சலுகையோடு வரி 4,250 வெள்ளி, இல்லாமல் 8,075 வெள்ளி. பங்கை யார் பேரில் எழுதுகிறோம் என்ற ஒரு வரியில் வருஷத்துக்கு 3,825 வெள்ளி நிற்கிறது. தனிநபர் பேரில் எடுக்கும் பங்குக்கு எல்ஆர்எஸ் விதிகள் பொருந்தும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அமீரகத்தில் முதல் கேள்வி, மெயின்லேண்டா (உள்ளூர்ச் சந்தையில் நேரடியாக விற்கும் பொதுப் பகுதி) ஃப்ரீ ஜோனா (தனி விதிகள் உள்ள வணிக மண்டலம்). 2021 ஜூன் 1 முதல் மெயின்லேண்டில் பெரும்பாலான தொழில்களை 100 சதவீதமும் வெளிநாட்டவரே வைத்துக்கொள்ளலாம். 51 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு எழுதியே ஆக வேண்டும் என்று இன்றும் யாராவது சொன்னால் அது பெரும்பாலும் பழைய கதை. உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீ ஜோன் கம்பெனி மறு ஏற்றுமதிக்கும் இணைய வழிச் சேவைக்கும் பொருத்தம். துபாய் தேராவில் கடை திறந்து அல்வா விற்க அது உதவாது, மெயின்லேண்ட் உரிமம் வேண்டும். வரியே இல்லை என்பதும் பழைய பேச்சு. 2023 ஜூன் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, லாபம் 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் மேற்பட்டதற்கு 9 சதவீதம் வரி. ஃப்ரீ ஜோனில் 0 சதவீதம் என்பது நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் வருமானத்துக்கு மட்டும். தனிநபர்களுக்குச் செய்யும் விற்பனை பொதுவாக அதில் சேராது. வாட் 5 சதவீதம் தனி.

இலங்கைக்குப் பேச்சும் பழக்கமும் ஒன்றுதான் என்று நம்பிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, குறிப்பிட்ட முதலீட்டு வரம்புக்குக் கீழே அங்கே சில்லறை வணிகம் உள்நாட்டவருக்கு ஒதுக்கப்பட்டது. சின்னக் கடைக்கு வழி இல்லை. மொத்த வணிகரிடம் விற்பதே நல்லது.

அமெரிக்காவில் எல்எல்சி என்ற வரையறுத்த பொறுப்புக் கம்பெனியை வீட்டில் இருந்தபடியே இணையத்தில் எடுத்துவிடலாம் என்று விளம்பரம் வருகிறது. எடுக்கலாம். ஆனால் வெளிநாட்டவர் ஒருவரே வைத்திருக்கும் எல்எல்சி பொதுவாக ஆண்டுதோறும் 5472 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். விட்டால் அபராதம் 25,000 டாலர். ஒரு டாலர் லாபம் வராத ஆண்டிலும்.

ஐந்தாம் படி: யார் பேரில், எந்த வழியாகப் பணம்

“அங்க இருக்க தம்பி பேர்லயே போட்டுருவோம், நமக்கு எதுக்கு இந்தத் தலைவலி” என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் யோசனை. பத்து வருஷம் சரக்கு அனுப்பி, கடையை வளர்த்து, கடைசியில் தாளில் தன் பேர் எங்குமே இல்லாமல் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் இருந்ததெல்லாம் வாட்ஸ்அப் செய்திகள். தம்பி பேரில் இருந்தால் அது சட்டப்படி தம்பி கடை. அவர் கடனுக்கும் அவர் விவாகரத்துக்கும் அந்தக் கடை பதில் சொல்லும்.

உண்டியல் (ஹவாலா) வழியாகப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஃபெமாவில் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பணம் உங்களுடையது என்று நீங்களே சொல்ல முடியாமல் போவது.

சரியான வழி இது. அந்நியச் செலாவணி அங்கீகாரம் உள்ள வங்கிக் கிளைக்குப் போங்கள். எல்லாக் கிளையிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருப்பதில்லை, விசாரித்துப் போங்கள். வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்சி படிவம் கொடுத்து ரிசர்வ் வங்கியின் யுஐஎன் என்ற தனி அடையாள எண் வாங்க வேண்டும். எண் வந்த பிறகுதான் பணம் போக வேண்டும். பணம் போய் 6 மாதத்துக்குள் பங்குச் சான்றை வங்கியில் கொடுக்க வேண்டும்.

ஆறாம் படி: வரி திரும்பி வரும் இடங்கள்

வெளிநாட்டுக் கம்பெனியின் முடிவுகள் எல்லாம் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து எடுக்கப்பட்டால் அதை இந்தியக் கம்பெனியாகவே கருதி வரி போடும் விதி ஒன்று உண்டு. ஆண்டு விற்றுமுதல் 50 கோடிக்கு உட்பட்ட கம்பெனிகளுக்கு அது பொருந்தாது என்று 2017-இல் வருமான வரி வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நம்மில் பலருக்கு நிம்மதி. சிங்கப்பூர் வரிச்சலுகைக்கு மட்டும் முடிவுகள் அங்கே எடுக்கப்பட்டதாகக் கூட்டக் குறிப்பு இருக்க வேண்டும்.

சொந்தத் துணைக் கம்பெனிக்கு அனுப்பும் கருப்பட்டியையும் வெளியாருக்கு விற்கும் விலையிலேயே பில் போடுங்கள். லாபத்தை அந்தப் பக்கம் தள்ளக் குறைத்துப் போட்டால் இரண்டு நாட்டு வரித்துறையும் கேட்கும். சிங்கப்பூர், அமீரகம், இலங்கை, அமெரிக்கா நான்கோடும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. பயன்படுத்த வரிக்குடிச் சான்று வாங்கி வையுங்கள்.

ஏழாம் படி: நாள்காட்டியும் வெளியேறும் வழியும்

கடையில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் இரண்டு தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடச் சொல்வேன். ஜூலை 15: நிறுவனமாக முதலீடு செய்தவர்கள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்எல்ஏ என்ற வெளிநாட்டுச் சொத்து, பொறுப்புகள் அறிக்கை தர வேண்டிய நாள். டிசம்பர் 31: வெளிநாட்டுக் கம்பெனியின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கைக்குக் கடைசி நாள். 10 சதவீதத்துக்குக் கீழ், கட்டுப்பாடும் இல்லாமல் பங்கு வைத்திருப்பவருக்கு இரண்டாவது தேவையில்லை. தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. பழைய பாக்கி தீராமல் அடுத்த முறை பணம் அனுப்பவும் முடியாது.

தொழில் ஓடாவிட்டால் பூட்டிவிட்டு வந்தால் போதாது. அந்த நாட்டில் முறையாகக் கலைத்துப் பேரை நீக்க வேண்டும், இல்லையென்றால் ஆண்டுக் கட்டணமும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும். பங்கை முழுதாக விற்று வெளியேறுவதாக இருந்தால் முதலீடு செய்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். கம்பெனியைக் கலைப்பதற்கு இந்தக் கெடு இல்லை. வரவேண்டிய பணத்தை 90 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும், பணம் வந்து 30 நாளுக்குள் அதே வங்கிக் கிளையில் எஃப்சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த ஒப்புகைச் சீட்டை யுஐஎன் கடிதத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்து உங்கள் பிள்ளைகள் இன்னொரு நாட்டுக்குப் போக நினைத்தால் வங்கி முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.